புகைக்கறிக்கு ஒரு சாஸ்: மொட்டை மாடிக் குறிப்புகள்

விறகுப் புகையில் மணிக்கணக்காக வெந்த கறிக்கு எந்த பார்பெக்யூ சாஸ் பொருந்தும்? இந்த ஒரு கேள்விக்காக எங்கள் வீட்டு மொட்டை மாடியில் பல வார இறுதிகள் போயிருக்கின்றன. கடைப் பாட்டில்களை வாங்கிப் பார்த்தேன். அமெரிக்காவில் ஊருக்கு ஊர் மாறும் வகைகளை நம் ஊர்ச் சாமான்களில் காய்ச்சிப் பார்த்தேன். கடைசியில் எங்கள் வீட்டுக்கென்று ஒரு சாஸ் நிலைத்துவிட்டது. புகையில் கறி வேகவைக்கும் ஸ்மோக்கர் வைத்திருக்கும் நண்பர்கள் அதன் அளவைக் கேட்டுக்கொண்டே இருப்பதால், அது எப்படி வந்து சேர்ந்தது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் புகையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சாஸ் போய் உட்காரப்போவது அதன் மேல்தான்.

புகை

என்னுடைய ஸ்மோக்கர் ஒரு 200 லிட்டர் இரும்பு டிரம். சமையல் எண்ணெய் வந்த டிரம்மாகப் பார்த்துப் புதுப்பேட்டையில் வாங்கினேன். வெல்டிங் பட்டறையில் கொடுத்து அடியில் காற்றுத் துளைகள், மூடியில் ஒரு புகைக்குழாய், உள்ளே எவர்சில்வர் கம்பித் தட்டு என்று செய்துகொண்டேன். ரசாயனம் வந்த டிரம்மை எத்தனை முறை கழுவினாலும் இந்த வேலைக்கு எடுக்காதீர்கள். உள்பக்கம் பூச்சு இருந்தால் வெறும் நெருப்புப் போட்டு நன்றாக எரித்து, சுரண்டி எடுத்த பிறகுதான் கறி வைக்க வேண்டும். தட்டுக்கு ஜி.ஐ. கம்பி வேண்டாம், அதிகச் சூட்டில் அதன் துத்தநாகப் பூச்சு புகையும்.

கரி, இராமநாதபுரம் பக்கத்துச் சீமைக் கருவேலங்கரி. விறகுத் தொட்டியில் மூட்டையாகக் கிடைக்கிறது. டெக்சாஸ்காரர்கள் மெஸ்கீட் என்று கொண்டாடும் மரமும் நம் ஊர்ச் சீமைக் கருவேலமும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. இரண்டுக்கும் குணம் ஒன்றுதான். கரியாக எரித்தால் நல்ல சூடு, நின்று எரியும். கட்டையாகவே போட்டால் புகை காட்டமாக ஏறும். பத்து நிமிடத்தில் சுட்டு எடுக்கும் கறிக்கு அந்தக் காட்டம் நன்றாக இருக்கும், ஆறு மணி நேரம் புகையில் கிடக்கும் கறிக்கு அது அதிகம். அதனால் சூட்டுக்குக் கருவேலங்கரி, மணத்துக்கு மாங்கட்டையும் கொய்யாக்கட்டையும் என்று வைத்துக்கொண்டேன். கட்டை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். பெயிண்ட் அடித்த மரம், பிளைவுட் துண்டு எதுவும் கிட்டே வரக்கூடாது. கொட்டாங்குச்சி பற்றவைக்க மட்டும்.

டிரம்முக்குள் சூடு 110 முதல் 130 டிகிரி செல்சியஸுக்குள் நிற்க வேண்டும். பற்றாத கரியைக் குவித்து, நடுவில் மட்டும் கனிந்த கரியைப் போட்டால் நெருப்பு மெதுவாக வெளிப்பக்கம் பரவும். துளைகளைத் திறந்து மூடிச் சூட்டைப் பிடிக்கலாம். சென்னையில் மதியத்துக்கு மேல் கடற்காற்று வந்துவிட்டால் நெருப்புக்குக் கூடுதலாகக் காற்றுக் கிடைத்துச் சூடு ஏறிவிடும். கிழக்குப் பக்கத் துளையை அப்போது முக்கால்வாசி அடைத்துவிடுவேன். ஆரம்பத்தில் வரும் கெட்டியான வெள்ளைப் புகை அடங்கி, மெல்லிய நீலப் புகை வந்த பிறகே கறியை உள்ளே வைப்பது. வெள்ளைப் புகையில் வெந்த கறி கசக்கும். அந்தக் கசப்பை மூடுகிற சாஸ் உலகத்தில் கிடையாது.

காலையில் தீ மூட்டும் முன் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்லிவிடுவேன்: "மாமி, இன்னைக்கு மாடியில புகை போடறேன். துணி காயப்போடறதா இருந்தா நாளைக்குப் போட்டுக்கோங்க." இந்த ஒரு வார்த்தையால்தான் இத்தனை நாளும் மாடியில் தடையில்லாமல் வேலை நடக்கிறது.

கறி

ஒரே சாஸை ஒரே கறியோடு பார்த்து முடிவெடுக்க முடியாது என்பதால் மூன்று கறி எடுத்துக்கொண்டேன். பன்றியின் தோள் பகுதி, தோலோடு முழுக்கோழி, மாட்டு நெஞ்சுக்கறி.

கோழிக்கடையில் முன்கூட்டியே சொல்லாவிட்டால் தோலை உரித்துவிடுவார்கள். புகைக்குத் தோல் வேண்டும், அதுதான் சதையைக் காயாமல் காக்கும். மாட்டுக்கறியில் நம் ஊரில் கொழுப்பு இழையோடுவது குறைவு. அமெரிக்கப் படங்களில் பார்க்கிற பளபளப்பை எதிர்பார்க்க முடியாது. நெஞ்சுக்கறியில் மேல் கொழுப்பை வெட்டாமல் தரச் சொல்லி வாங்கிக்கொள்ள வேண்டும். பன்றிக்கறி எல்லாத் தெருவிலும் கிடைக்காது. பெரம்பூர் பக்கம் வழக்கமாக வாங்கும் ஒரு கடை இருக்கிறது. தோள் பகுதியை எலும்போடு கேட்டபோது கடைக்காரர் எதற்கு என்று விசாரித்தார். விஷயத்தைச் சொன்னேன். "தக்காளி சாஸா? தம்பி, பன்னிக்கறிக்கு வினிகர் இல்லாம வேலைக்கு ஆவாது. இங்க ஆங்கிலோ இந்தியன் வீட்ல கேட்டுப் பாரு" என்றார். பெரம்பூர் ஆங்கிலோ இந்தியச் சமையலில் பன்றி விந்தாலு வினிகரிலும் பூண்டிலும்தான் நிற்கிறது. அன்றைக்கு அதைத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு வந்தேன். எல்லாப் பரிசோதனையும் முடிந்தபோது அவர் சொன்ன இடத்துக்கே போய்ச் சேர்ந்திருந்தேன்.

மேல் மசாலா எல்லாவற்றுக்கும் ஒன்றே. கல்லுப்பு பொடித்தது, கொரகொரப்பான மிளகு, காஷ்மீரி மிளகாய்த்தூள், நாட்டுச் சர்க்கரை, பூண்டுத்தூள். முதல் நாள் இரவே தடவி ஃபிரிட்ஜில் வைத்துவிடுவேன். கோழி மூன்று மணி நேரத்துக்குள் வெந்துவிடும். தொடையில் தெர்மாமீட்டர் குத்தினால் குறைந்தது 74 டிகிரி காட்ட வேண்டும். பன்றித் தோள் 92, 95 டிகிரி வரை போனால்தான் நாரெல்லாம் கூழ்ப்பசையாக இளகிக் கையால் பிய்க்க வரும். வழியில் 70 டிகிரி சுமாருக்கு வந்ததும் சூடு ஏறாமல் மணிக்கணக்கில் அப்படியே நிற்கும். கறியின் ஈரம் ஆவியாகித் தன்னைத்தானே குளிர்வித்துக்கொள்வதுதான் காரணம். சிலர் அந்த நேரத்தில் மேலே மேலே சாஸைப் பூசுவார்கள். ஈரம் கூடக்கூட நிற்கும் நேரமும் கூடும், அதனால் நான் பூசுவதில்லை.

கடைப் பாட்டில்கள்

சூப்பர் மார்க்கெட் அலமாரியில் இருந்த பார்பெக்யூ சாஸ்களை, உள்நாட்டுத் தயாரிப்பும் இறக்குமதியுமாக வாங்கினேன். திறப்பதற்கு முன் லேபிளைப் படிப்பது நல்ல பழக்கம். சேர்மானங்களை அளவில் கூடியதிலிருந்து குறைந்தது என்ற வரிசையில்தான் அச்சிட வேண்டும் என்பது விதி. பெரும்பாலான பாட்டில்களில் முதல் இரண்டு இடத்துக்குள் சர்க்கரை வந்துவிடுகிறது. இன்னும் கொஞ்சம் கீழே போனால் புகைச் சுவையூட்டி என்று ஒன்று இருக்கும். விறகுப் புகையைக் குளிரவைத்துத் திரவமாக்கி எடுத்த சாறு அது.

புகை வாசமே இல்லாத கறிக்கு, அதாவது ஓவனில் வெந்த கோழிக்கும் தோசைக்கல்லில் சுட்ட துண்டுக்கும், அந்தச் சாறு உதவும். நம் கறியோ ஏற்கெனவே மாங்கட்டைப் புகையில் ஊறி வந்திருக்கிறது. மரத்தின் லிக்னின் எரியும்போது உண்டாகும் குவாயகால், சிரிங்கால் போன்ற பொருள்கள்தான் புகைக்கு அந்த மணத்தைக் கொடுக்கின்றன. உண்மையான புகையில் அவை மற்ற நூற்றுக்கணக்கான மணங்களோடு கலந்து வரும். பாட்டில் சாற்றை அதன் மேல் ஊற்றினால் மாங்கட்டையின் மெல்லிய இனிப்பு மறைந்து, ஒரே ஒரு கருகிய வாசம் மட்டும் மேலே நிற்கிறது. இத்தனை மணி நேரம் நெருப்பைக் காத்து நின்றவனுக்கு அது தாங்காது. புகைபோட்ட கறிக்கு சாஸ் வாங்குபவர்களுக்கு நான் சொல்லும் முதல் விஷயம் இதுதான்: புகைச் சுவையூட்டி சேர்த்த பாட்டில் வேண்டாம். இந்த ஒரு விதியிலேயே அலமாரியின் பெரும்பகுதி கழிந்துவிட்டது. மீதி இருந்தவை நாக்கைக் கட்டிப்போடும் இனிப்பு. சரி, காய்ச்சிவிடலாம் என்று இறங்கினேன்.

காய்ச்சிப் பார்த்தவை

அமெரிக்காவில் பார்பெக்யூ சாஸ் என்பது ஒரே பண்டம் கிடையாது. வட கரோலினாவின் கிழக்குப் பக்கத்தில் வினிகர், மிளகாய், உப்பு மட்டும், தக்காளியே சேர்க்க மாட்டார்கள். அதே மாநிலத்தில் மேற்கே லெக்சிங்டன் பக்கம் போனால் அந்த வினிகரில் கொஞ்சம் தக்காளி சேரும். தென் கரோலினாவில் கடுகு. அது அங்கே குடியேறிய ஜெர்மானியர்கள் வழியாக வந்ததாகச் சொல்வார்கள். அலபாமாவின் வடக்கே டிகேட்டர் நகரத்தில் பிக் பாப் கிப்சன் 1925-இல் தொடங்கிய கடையில் மயோனைஸும் வினிகரும் சேர்ந்த வெள்ளை சாஸில் கோழியை அப்படியே முக்கி எடுப்பார்கள். நம் கடைகளில் கிடைப்பது எல்லாமே கான்சஸ் சிட்டி வழியில் வந்த கெட்டியான, இனிப்பான, தக்காளி வகை.

அந்த இனிப்பும் ஆதியிலிருந்து இருந்ததில்லை. 1900-களின் தொடக்கத்தில் கான்சஸ் சிட்டியில் பார்பெக்யூ வியாபாரத்தை நிலைநிறுத்திய ஹென்றி பெர்ரியின் சாஸ் மிளகுக் காரம் தூக்கலானது என்றுதான் குறிப்புகள் சொல்கின்றன. ரிச் டேவிஸ் என்ற குழந்தைகள் மனநல மருத்துவர் 1977-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த கேசி மாஸ்டர்பீஸ் போன்ற பாட்டில்கள்தான் அந்தக் கெட்டி இனிப்பை உலகமெல்லாம் கொண்டுபோயின.

கெட்டி வகையையே முதலில் காய்ச்சினேன். அங்கே இதற்கு மொலாசஸ், அதாவது சர்க்கரை எடுத்தது போக மிஞ்சும் கரும்பாகு, வேண்டும். இங்கே சர்க்கரை ஆலையில் வரும் மொலாசஸ் சாராய ஆலைக்குப் போகிறதே தவிர மளிகைக் கடைக்கு வருவதில்லை. கருப்பட்டி அந்த இடத்துக்கு அருமையாகப் பொருந்துகிறது. அதே கருமை, அதே லேசான கசப்பு, கூடவே பனைக்கே உரிய ஒரு மணம். உடன்குடிக் கருப்பட்டி கிடைத்தால் நல்லது. வெள்ளைச் சர்க்கரை கலந்த கருப்பட்டியும் சந்தையில் நிறைய உண்டு என்பதால் நம்பிக்கையான கடையில் வாங்குங்கள். எதுவானாலும் வெந்நீரில் கரைத்து வடிகட்டிவிட வேண்டும், அடியில் மண் தங்கும்.

ஒரு கிலோ நாட்டுத் தக்காளியை வேகவைத்து அரைத்து வடிகட்டினேன். பெங்களூர்த் தக்காளியில் சதை இருக்கிறது, புளிப்பு போதாது. பொடியாக நறுக்கிய வெங்காயமும் பூண்டும் வதக்கி, தக்காளி விழுது, 100 கிராம் கருப்பட்டிப் பாகு, 60 மில்லி வினிகர், மிளகாய்த்தூள், மிளகு, சீரகத்தூள், இரண்டு மேசைக்கரண்டி வூஸ்டர்ஷயர் சாஸ். அடிபிடிக்காமல் கிளறிக் கரண்டியில் ஒட்டும் பதம் வரை காய்ச்சினால் முக்கால் மணி நேரம். வீடெல்லாம் மணந்தது. இரண்டு நாள் தொடர்ந்து இட்லிக்கே தொட்டுக்கொண்டோம்.

கடுகு வகைக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். அமெரிக்க மஞ்சள் கடுகு விழுதில் சேர்வது வெண்கடுகு. அந்த அடர்த்தியான மஞ்சள் நிறம் அதில் போடும் மஞ்சள்தூளால் வருவது. வெண்கடுகின் காரம் நாக்கில் நிற்கும். நம் தாளிப்புக் கடுகின் காரம் ஆவியாகி மூக்குக்கு ஏறும். சௌகார்பேட்டை மசாலாக் கடைகளில் மஞ்சள் நிறக் கடுகு கேட்டு வாங்கி, அதில் முக்கால் பங்கும் நம் கடுகில் கால் பங்குமாக ஓர் இரவு வினிகரில் ஊறவைத்து மிக்ஸியில் அரைத்தேன். அரைத்த அன்றைக்கு வாயில் வைக்க முடியாத கசப்பு. அது கடுகின் இயல்பு, ஃபிரிட்ஜில் இரண்டு மூன்று நாள் கிடந்தால் கசப்பு அடங்கிவிடும். அப்புறம் தேன், வினிகர், மிளகு, கொஞ்சம் மிளகாய்த்தூள் சேர்த்தால் சாஸ் தயார். ஊறவைக்கும்போது வெந்நீர் மட்டும் விடக்கூடாது, கடுகில் காரத்தை உண்டாக்கும் நொதி சூட்டில் செத்துவிடும்.

வெள்ளை சாஸுக்கு மயோனைஸ். பச்சை முட்டையில் செய்த மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுத் தடை விதித்தது. சென்னை வெயிலில் மாடியில் திறந்து வைக்கப்போகும் சாஸுக்கு அந்த எச்சரிக்கை நியாயமானது என்றே நினைக்கிறேன். முட்டையில்லாத மயோனைஸையே வாங்கி வினிகர், எலுமிச்சை, நிறைய மிளகு சேர்த்து, மோரை விடக் கொஞ்சம் கெட்டியாகக் கலந்தேன். மூலச் செய்முறையில் வரும் குதிரை முள்ளங்கி இங்கே கிடைப்பது அரிது. வெள்ளை முள்ளங்கியைத் துருவிப் பிழிந்து, அந்தக் கடுகு விழுதில் ஒரு ஸ்பூன் சேர்த்ததும் காரம் சரியாக வந்தது.

கிழக்குக் கரோலினா வகையில் காய்ச்ச எதுவும் இல்லை. வினிகர், உப்பு, ஒரு சிட்டிகை நாட்டுச் சர்க்கரை, இராமநாதபுரம் குண்டு மிளகாயை வறுத்துப் பொடித்த செதில், மிளகு. பாட்டிலில் குலுக்கி இரண்டு நாள் வைத்துவிட்டேன். வினிகர் வாங்கும்போது மட்டும் கவனம். அசிட்டிக் அமிலத்தைத் தண்ணீரில் கலந்தது என்றால் சிந்தெட்டிக் என்று லேபிளிலேயே இருக்கும். ஊறுகாய்க்கு அது போதும். வினிகரே பிரதானமான சாஸுக்கு ஆப்பிள் வினிகரோ தென்னங்கள்ளில் வந்த வினிகரோ வேண்டும்.

ஐந்தாவதாகப் புளி சாஸ் ஒன்று. வூஸ்டர்ஷயர் சாஸில் வினிகர், நெத்திலி வகை மீன், மொலாசஸோடு புளியும் உண்டு. அமெரிக்கர்களின் சாஸுக்குள் புளி எப்போதோ போய்விட்டது. நாம் நேராகவே போடலாமே என்று புளிக்கரைசல், கருப்பட்டி, மிளகு, பூண்டு சேர்த்துக் காய்ச்சினேன்.

ஸ்பூனிலும் கறியிலும்

ருசி பார்ப்பதில்தான் நான் அதிகம் மெனக்கெட்டேன். ஒரே அளவு எவர்சில்வர் கிண்ணங்கள், அடியில் எண் எழுதிய ஸ்டிக்கர். எது எதில் என்று எனக்கு மட்டும் தெரியும். அம்மா, மச்சான், சித்தி, மாடி வீட்டுப் பையன், என் அலுவலக நண்பர்கள் சிலர். நடுநடுவே வாயைச் சுத்தம் செய்ய உப்பில்லாத பொரி, வெள்ளரிக்காய், மோர். காரத்துக்குத் தண்ணீரால் பிரயோஜனமில்லை. மிளகாயின் காரப்பொருள் தண்ணீரில் கரையாது, மோரில் இருக்கும் பால்புரதம் அதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும்.

முதல் சுற்றில் வெறும் ஸ்பூனில் சாஸ் மட்டும். வரிசைப்படுத்தச் சொன்னேன். கருப்பட்டி போட்ட கெட்டி சாஸ் எல்லாருக்கும் முதலிடம். கடுகு இரண்டாவது. வினிகர் சாஸை வாயில் வைத்ததும் சித்தி முகத்தைச் சுளித்தாள். "என்னடா இது, ஊறுகாய்த் தண்ணி மாதிரி!"

அரை மணி கழித்து இரண்டாவது சுற்று. பிய்த்த பன்றிக்கறி, வெதுவெதுப்பாக. கிண்ணங்களின் இடத்தை மாற்றியிருந்தேன். ஒவ்வொரு சாஸோடும் ஒரு வாய் போதாது, குறைந்தது நான்கு வாய் சாப்பிட வேண்டும் என்பது என் நிபந்தனை. இங்கேதான் எல்லாம் தலைகீழானது. கெட்டி சாஸ் முதல் வாய்க்கு நன்றாக இருந்தது. மச்சான் நான்காவது வாயில் தட்டைக் கீழே வைத்தார். "மாப்ள, இதுக்கு மேல கறி தெரியல. இனிப்புதான் தெரியுது." ஊறுகாய்த் தண்ணி என்று சித்தி ஒதுக்கிய சாஸ் இருந்த கிண்ணத்தில் அவளே மறுபடியும் மறுபடியும் தொட்டாள். எண்ணைக் கேட்டுக் கிண்ணத்தைத் திருப்பிக் காட்டியபோது அவள் நம்பவில்லை. மறுபடி ஒரு ஸ்பூன் தனியாக ஊற்றிக் குடித்துப் பார்த்துவிட்டு, "தனியா அதேதான். கறியோட வேற மாதிரி இருக்கே" என்றாள்.

காரணம் கறியிலேயே இருக்கிறது. பன்றித் தோளில் கொழுப்பும் இளகிய பசையும் நாக்கில் படிகின்றன. மேல் மசாலாவில் உப்பு, மிளகு, சர்க்கரை எல்லாம் இருக்கின்றன. புகையில் ஒரு மெல்லிய கசப்பும் இனிப்பு கலந்த வாசமும் இருக்கின்றன. அந்தக் கறியில் இல்லாத ஒரே சுவை புளிப்பு. அதைக் கொண்டுவரும் சாஸ் ஒவ்வொரு வாய்க்கும் நாக்கை வழித்துவிடுகிறது, அடுத்த வாயும் முதல் வாயாகவே இருக்கிறது. ஸ்பூனில் குடித்துப் பார்த்து சாஸைத் தேர்ந்தெடுக்க முடியாது என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான். ஸ்பூனில் ஜெயிப்பது தன்னளவில் முழுமையான சாஸ். கறியோடு வேண்டியது, கறி விட்ட இடத்தை மட்டும் நிரப்பும் சாஸ்.

புளி சாஸ் இரண்டு சுற்றிலும் நடுவில் நின்றது. அம்மா முகர்ந்ததுமே கண்டுபிடித்துவிட்டார்: "இதுல வத்தக்குழம்பு வாசம் வருது." ஆனால் ஒரு விஷயத்தில் அது வினிகரை மிஞ்சியது. வினிகரின் அமிலம் ஆவியாகக் கூடியது. சூடான கறியில் பட்டதும் மூக்குக்கு ஏறுகிறது, சீக்கிரம் போய்விடுகிறது. புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலம் ஆவியாவதில்லை. அதன் புளிப்பு கொஞ்சம் தாமதமாக வந்து நாக்கிலேயே நிற்கிறது. முன்னால் வினிகர், பின்னால் புளி என்று இரண்டையும் ஒரே சாஸில் கொண்டுவந்தால் என்ன என்ற யோசனை அங்கே பிறந்தது.

நிலைத்த சாஸ்

லெக்சிங்டன் வகையை அடிப்படையாக வைத்துக்கொண்டேன், அதாவது வினிகர் அதிகம், தக்காளி கொஞ்சம். அளவுகளை மாற்றி மாற்றி, ஒவ்வொரு முறையும் கறியோடு மட்டுமே ருசி பார்த்து இங்கே வந்து நின்றது:

ஆப்பிள் வினிகர் 250 மில்லி. வடிகட்டிய நாட்டுத் தக்காளி விழுது 100 மில்லி. கருப்பட்டி 40 கிராம், கால் கப் வெந்நீரில் கரைத்து வடிகட்டியது. புளி சின்ன நெல்லிக்காய் அளவு, அதே கருப்பட்டித் தண்ணீரில் கரைத்துவிடலாம். குண்டு மிளகாய்ச் செதில் இரண்டு டீஸ்பூன், கொரகொரப்பான மிளகு ஒன்றரை டீஸ்பூன், உப்பு ஒரு டீஸ்பூன், தட்டிய பூண்டு நான்கு பல்.

தக்காளி விழுதையும் பூண்டையும் முதலில் பச்சை வாசம் போக ஐந்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். கருப்பட்டியும் புளியும் சேர்த்து இன்னும் ஐந்து நிமிடம். அடுப்பை நன்றாகக் குறைத்த பிறகு வினிகர், மிளகாய், மிளகு, உப்பு. வினிகர் விட்ட பிறகு கொதிக்கக் கூடாது, ஆவி வந்தால் போதும். ஜன்னல் திறந்திருக்கட்டும், அந்த ஆவி கண்ணையும் தொண்டையையும் பதம் பார்க்கும். ஆறியதும் பூண்டை எடுத்துவிட்டுக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைக்கவும். எவர்சில்வர் பாத்திரத்திலேயே காய்ச்சுங்கள். இத்தனை புளிப்புக்கு அலுமினியம் ஆகாது.

செய்த அன்றைக்கு இதை எடுத்துவிடாதீர்கள். வினிகர் தனியாகவும் கருப்பட்டி தனியாகவும் நிற்கும். ஒரு நாளாவது போனால் மிளகாய் ஊறி, எல்லாம் ஒன்றாகும். பதம் தண்ணீர்தான், ரசத்தை விடக் கொஞ்சம் அழுத்தம். கெட்டியாக இல்லையே என்று கார்ன்ஃப்ளார் கரைத்து விட வேண்டாம். பிய்த்த கறியின் இழைகளுக்குள் இறங்க அது தண்ணீராகத்தான் இருக்க வேண்டும். புளியையும் நெல்லிக்காய் அளவுக்கு மேல் கூட்டினால் அம்மா சொன்ன வாசம் வந்துவிடும்.

பன்றிக்கறிக்கு இதைத் தீயில் பூசுவதே இல்லை. இறக்கி, மூடி, முக்கால் மணி நேரம் ஆறவிட்டுப் பிய்த்த பிறகு, கறியிலிருந்து வடிந்த சாற்றோடு சேர்த்துக் கலந்துவிடுவேன். ஒரு கிலோ பிய்த்த கறிக்கு ஒரு கப் போதும். மீதியை மேசையில் பாட்டிலாக வைத்துவிடலாம்.

கோழிக்கு எங்கள் வீட்டில் வெள்ளை சாஸ்தான் ஜெயித்தது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கோழியில் கொழுப்பு குறைவு, நெஞ்சுப் பகுதி கொஞ்சம் வறண்டு வரும். கொழுப்பையும் புளிப்பையும் சேர்த்தே கொண்டுவரும் சாஸ் அதற்குத் தேவைப்படுகிறது. டிகேட்டரில் செய்வதுபோல் சூட்டோடு முக்கி எடுத்தால் தோலுக்கடியில் போய்ச் சேருகிறது.

கெட்டி சாஸையும் நான் தூக்கிப் போடவில்லை. கோழி லெக் பீஸிலும் பன்றி விலா எலும்பிலும் பளபளவென்று ஒரு பூச்சு வேண்டும் என்கிறவர்களுக்கு அதுதான். ஆனால் கடைசிக் கால் மணி நேரத்தில் மட்டும் மெல்லியதாக ஒரு கை பூசுங்கள். சர்க்கரை அதிகமுள்ள சாஸைத் தொடக்கத்திலேயே பூசினால், கறி வேகும் முன் சாஸ் கருகிக் கசந்துவிடும். கரிக்கு நேர்மேலே இருக்கும் தட்டில் இது இன்னும் வேகமாக நடக்கும்.

மாட்டு நெஞ்சுக்கறிக்கு சாஸே வேண்டாம் என்ற கட்சிக்கு வந்துவிட்டேன். மத்திய டெக்சாஸில் உப்பும் மிளகும் மட்டும் தடவி, சாஸ் கேட்காமல் சாப்பிடுகிற வழக்கம் பலமாக உண்டு. நம் ஊர் மாட்டுக்கறியின் ருசி அழுத்தமானது. அதன் மேல் கருப்பட்டியோ கடுகோ எது விழுந்தாலும் கறி பின்னால் போய்விடுகிறது. மச்சான் இதை ஒப்புக்கொள்வதில்லை, அவருக்குக் கடுகு சாஸ் வேண்டும். அவருக்கு மட்டும் ஒரு கிண்ணம் தனியாக வைத்துவிடுகிறேன்.

காசிமேட்டில் வாங்கிய வஞ்சிரத்தைப் புகைபோட்டு என் சாஸை ஊற்றியும் பார்த்தேன். பொருந்தவில்லை, வினிகர் மீனை மூழ்கடித்துவிடுகிறது. மீனுக்கு எலுமிச்சையும் மிளகும் போதும். இறாலுக்கு மட்டும் கடுகு சாஸில் எலுமிச்சை பிழிந்து தண்ணீராக்கியது நன்றாக வருகிறது, அதில் தேனைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

என் சாஸ் ஃபிரிட்ஜில் மூன்று வாரம் வரை ருசி மாறாமல் இருக்கிறது. கெட்டி சாஸை நான் இரண்டு வாரத்துக்கு மேல் வைப்பதில்லை, வெள்ளை சாஸை அன்றன்றைக்கே கலந்துகொள்கிறேன். கறியில் தொட்ட பிரஷ்ஷைப் பாட்டிலுக்குள் விடாமல், பூசுவதற்கு வேண்டியதை மட்டும் கிண்ணத்தில் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். கிண்ணத்தில் மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள்.